மெல்லப் பேசத் தெரியாத அக்கா

விடிந்தும் விடியாத பனிக்குள் முதலில் பாட்டு வரும், பிறகுதான் வண்டி வரும். ஹட்டனில் எங்கள் வீட்டுக்குக் கீழ் வளைவில் பேக்கரிப் பொருள் விற்கும் பாண்கார ஓட்டோ திரும்பும்போது அந்தக் கீச்சுக்குரல் மெட்டு மலையில் மோதி, தேயிலைக்குள் விழுந்து, எழுந்து வந்து காதைத் தொடும். பின்னாலேயே சுட்ட மாவின் வாசம், சீனி தூவிய பணிஸின் வாசம். ஊருக்கு அது காலைப் பசி. எனக்கு அது ஒரு பெண்ணின் குரல். கேட்டவுடன் சிரித்துவிடுவேன். பையோடு படியிறங்குகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் என்னை டீச்சர் என்றார், நான் அவரை அக்கா என்றேன். அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

அந்தக் குரலைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே எதிர்மலையில் நிற்பவளிடம் வீட்டுக் கதை கேட்டு வளர்ந்த குரல் அது. நடுவில் கிடக்கும் பள்ளத்தைத் தாண்டுவதற்கென்றே செய்த குரல். பிறகு குவைத்தில் மூன்று மாடி வீடொன்றில் பத்து வருடம் வீட்டு வேலை. அங்கேயும் கீழே நின்று மேலே கூப்பிட்டே காலம் போயிருக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசத் தனியாக ஒரு குரல் வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. அதனால் ரகசியம் என்ற ஒன்றும் அவருக்குத் தெரியாது.

நான் ரகசியத்தால் ஆனவள். அப்போது பூண்டுலோயாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிப் பல வருடம், வயிறு திறக்கவில்லை. கண்டியில் ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போய்வருவதை என் கணவரைத் தவிர ஒரு காக்கைக்கும் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் கேட்டால் பீனிசம் என்பேன். குளிரில் வைக்க வேண்டிய ஊசி மருந்தைக் கடதாசியில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியில் லீக்ஸ் கட்டுக்கு அடியில் ஒளித்துவைப்பேன். வீட்டில் நானும் அவரும் மட்டுந்தான். யாருக்கு ஒளித்தேன்? லீக்ஸுக்கா?

அந்த நிலையத்தில் காத்திருக்கும் கூடம் ஒரு தனி உலகம். எல்லாரும் தங்கள் மருத்துவக் கோப்புகளை மடியில் குப்புறக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். இருமினாலும் மன்னிப்புக் கேட்பது போல இருமுவார்கள். அந்த அமைதிக்குள்தான் ஒரு நாள் ஸ்கேன் அறைக் கதவு திறந்தது.

"ஏங்க! ரெண்டே ரெண்டு தானாம்!"

கூடத்தின் மறுகோடியில் இருந்த தன் வீட்டுக்காரருக்குச் சொன்ன செய்தி அது. மடியில் இருந்த கோப்புகள் ஒருதரம் துள்ளின. அந்த மனிதர் தலையை மட்டும் ஆட்டினார். ஊருக்குள் ஓட்டோ ஓட்டுகிறவர், சாதுவானவர். அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பேச இடம் இருந்தால்தானே.

அக்கா நேரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எந்தப் பக்கங்க நீங்க? பூண்டுலோயாவா! அட, நம்ம ஊரு! நான் தோட்டத்து மேல் டிவிசன். ஒங்களுக்கு எத்தன?"

கைப்பைக்கு அடியில் மூன்று விரலைக் காட்டினேன்.

"மூணா!" என்றவர் கூடத்துக்கே அறிவித்தார். "இந்தா, இவங்களுக்கு மூணு இருக்காம்!"

எங்கள் இருவருக்கும் ஒரே குறைதான். இந்தச் சிகிச்சையில் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டால், சூலகத்தில் முட்டைப் பைகள் திராட்சைக் குலை போலத் திரளும். பலருக்குப் பத்து, பதினைந்து என்று வரும். எங்களைப் போன்ற சிலருக்கு எவ்வளவு ஊசி போட்டாலும் சூலகம் அரைக்கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். எனக்கு அது இரண்டாவது முயற்சி. முதல் முறை பைகளில் ஊசி போட்டு உறிஞ்சியபோது வெறும் நீர்தான் வந்தது, ஒரு முட்டையும் இல்லை. இந்த முறையும் வராவிட்டால் என் முட்டையை நம்பியிருப்பதில் அர்த்தம் இல்லை என்று டொக்டர் பக்குவமாகச் சொல்லியிருந்தார். அதை நினைத்து நான் தலையைக் குனிந்தபடியே இருந்த நாட்கள் அவை.

அக்கா அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தார். தேயிலைத் தோட்டத்தில் அன்றைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை குறைந்தால் அரை நாள் சம்பளந்தான். அதற்கு அரைப்பேர் என்று சொல்வார்கள்.

"நம்ம ரெண்டு பேரு வயித்துக்கும் அரைப்பேருதான் டீச்சர் போடுறாங்க," என்றார். "அதுக்காக மலைய விட்டா எறங்கிப் போயிருவோம்? அரைப்பேருன்னாலும் பேரு பேருதானே!"

எதிரில் இருந்த ஒரு பெண் கோப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தக் கூடத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஊசி மருந்தைக் குளிரில் வைக்கச் சொன்னபோது தாதியிடம் அக்கா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "மிஸ், எங்க லயத்துப் பீலித்தண்ணில கைய வச்சா வெரலு கழண்டு விழுந்துரும். அதுல கட்டி விட்டா பத்தாதா?" தாதி தலையில் கைவைத்துக்கொண்டார். லயத்து வரிசை வீடுகளுக்கு வெளியே மலையூற்றிலிருந்து குழாய் வழியாக விழும் தண்ணீரில் மருந்தைக் கட்டித் தொங்கவிடுவதை என்னால் கற்பனை செய்ய முடிந்தது. அக்கா அதைச் செய்யக்கூடியவர். கடைசியில் பூண்டுலோயா பஸ் நிறுத்தத்துக்கு எதிர்க்கடைக்காரரான முஸ்லிம் நானாவின் ஐஸ்பெட்டியில், யோகட்டுகளுக்கு நடுவில், அக்காவின் ஊசி குடியேறியது.

ஒரு தடவை யோகட் வாங்கப் போனேன். நானா பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, "அந்தப் பக்கம் கை வெக்காதீங்க டீச்சர், அது ஒங்கட ஊர்ப் புள்ளைட மருந்து," என்றார். "வார ஆக்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி என்ட வாய் நோவுது. கரண்ட் போனா எனக்குத்தான் நெஞ்சு அடிக்கிது. பொண்டாட்டிட மருந்தக்கூட இப்படிப் பாத்தில்ல."

என் மருந்து லீக்ஸுக்கு அடியில் தனியாகக் கிடந்தது. அவருடையதற்கு ஒரு கடைத்தெருவே காவல்.

தோட்டத்திலும் அப்படித்தான். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், எல்லாருக்கும் முன்னால், அன்றைக்கு ஏன் வரமுடியாது என்று மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா கேட்டிருக்கிறார். "கண்டிக்குப் போறேங்கய்யா. வயித்துல முட்ட வளருதான்னு பாக்குறாங்க," என்று அக்கா சொல்ல, அவர் பேனையைக் கீழே போட்டு, எடுக்கக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லையாம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை அவர் சிரிக்காமல் சொன்னார். லயத்துப் பெண்கள் அவரை விறகு தூக்க விடவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தொட விடவில்லை. மாலையில் கடைக்கு இறங்கும்போது ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு குரல்: "ஊசி ஆச்சா? இன்னைக்கு எந்தப் பக்கம் குத்துனாங்க?"

"கேக்கக் கேக்க வலியே தெரியல டீச்சர்," என்றார். "ஒங்களுக்கு யாரு கேக்குறா?"



எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரி. அவசரமே படாதவர். முட்டை எடுக்கும் நாளுக்கு முன் எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து விளக்கினார்.

"ஊசியால பைக்குள்ள இருக்கிற நீரை உறிஞ்சி எடுப்பம். அதுக்குள்ள முட்டை வராட்டில், அதே பைக்குள்ள கொஞ்சம் திரவம் விட்டு அலசி, திரும்ப உறிஞ்சுவம். தேவையெண்டா இன்னொருக்கா. எல்லாருக்கும் இது தேவையில்லை. இப்பிடி அலசினால் கட்டாயம் கூடக் கிடைக்கும் எண்டும் நான் சொல்லமாட்டன், நேரமும் கூடப் போகும். ஆனா உங்களிட்ட இருக்கிறதே கொஞ்சப் பைதானே. ஒண்டையும் விட எனக்கு மனமில்லை."

"கொழுந்து கொறஞ்ச காலத்துல பறிச்ச செடியிலயே மறுபடி கைய விட்டுப் பாப்போம்ல, அது மாதிரியா டொக்டர்?"

டொக்டர் யோசித்துவிட்டு, "ஓம், அப்பிடித்தான் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ," என்று சிரித்தார். பிறகு முகம் மாறியது. "ஒரு விசயம். கடைசி ஊசி போட்ட பிறகு நேரம் எங்கட கையில இல்லை. பத்து மணிக்கு மேசையில இருக்கவேணும். பிந்தினால் பை தானா வெடிச்சிடும். பிறகு அந்த முட்டையை ஒருத்தராலையும் தேடிப் பிடிக்கேலாது."

முதல் நாளே கண்டிக்குப் போய்விடலாம் என்றார் என் கணவர். இரண்டு நாள் லீவு எடுத்தால் ஆசிரியர் அறை கேள்வி கேட்கும். அவரை முன்னால் அனுப்பிவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் நான் ஏறினேன். அதே பஸ்ஸில் அக்காவும் அவர் வீட்டுக்காரரும். அவர்கள் லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் பனிக்குள் நின்று கையாட்டினார்கள்.

மார்கழி மழை. கம்பளைக்கு மேலே ஒரு திருப்பத்தில் பஸ் நின்றது. முன்னால் வாகன வரிசை, அதற்கு முன்னால் பாதையில் சரிந்து கிடக்கும் செம்மண். மண்ணை அள்ளும் இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. பகல் பன்னிரண்டு ஆகும் என்றார் கண்டக்டர்.

வாயைக் கையால் மூடிக்கொண்டு, "கொஞ்சம் லேட்டாகும் போல," என்று கணவரிடம் போனில் சொன்னேன். கொஞ்சமாம்!

அக்கா என்னைப் பார்த்தார். "என்ன டீச்சர், குசுகுசுன்னு! பன்னெண்டுக்குப் போயி எதப் புடிக்கிறது?"

எழுந்து, இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிர்மலைக்குச் சொல்கிற குரலில் சொன்னார்: "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! இந்த டீச்சர் வயித்துல மூணு முட்டப் பை, என் வயித்துல ரெண்டு. பத்து மணிக்குள்ள கண்டியில எடுக்கலேன்னா அஞ்சும் வெடிச்சுப் போயிரும். புள்ளைக்காகத்தான் போறோம். யாராச்சும் ஒரு வழி சொல்லுங்க!"

சொன்னதையே இன்னொரு தடவை சிங்களத்தில் சொன்னார். தெரியாமல் ஒருவரும் தப்பிவிடக் கூடாதே.

அந்த மலையின் மிச்சமும் என்மேல் சரியட்டும் என்று இருந்தது எனக்கு. பின் இருக்கையில் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா இருந்ததை முன்பே கண்டிருந்தேன். அவர் எழுந்து வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"டீச்சர், பையக் குடுங்க. நான் தூக்கிட்டு வர்றேன். வாங்க, நடந்து அந்தப் பக்கம் போயிரலாம்."

அவ்வளவுதான். வேறு ஒரு சொல் இல்லை. அவர் முன்னே நடந்தார். கண்டக்டர் ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தவைத்தார். யாரோ ஒரு சிங்களத்து அம்மா தன் செருப்பைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார், என் செருப்பு வழுக்குமாம். சேற்றின் மேல் பலகை போட்டார்கள். மண்ணைத் தாண்டியதும் அந்தப் பக்கத்திலும் வாகனங்கள். எல்லாம் மேல் நோக்கி வந்து, ஒன்றின் வாலை ஒன்று முட்டி நின்றன. திரும்பக்கூடிய அளவுக்குச் சின்னதாய் இருந்தது ஒன்றே ஒன்று. பாண்கார ஓட்டோ.

அதற்குப் பின்னால் இருக்கை இல்லை. பின்பாகம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டி, தட்டுத் தட்டாகப் பாணும் பணிஸும். ஓட்டோக்காரர் நரைத்த மீசைக்காரர், கதையைக் கேட்டுவிட்டுப் பெட்டியைக் காட்டிக் கையை விரித்தார்.

அக்கா ஒரு கணந்தான் யோசித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாணு! சூடான பாணு! வாங்குங்க, வாங்குங்க! பொட்டி காலியானாத்தான் நாங்க ஏற முடியும்!"

பசியோடு நின்ற பயணிகள் மொய்த்துவிட்டார்கள். கண்டக்டர் இரண்டு கையிலும் பாணோடு நின்றார். கண்மூடித் திறப்பதற்குள் பெட்டி காலி. தட்டுகளைக் கழற்றி வெளியே வைத்தார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்ததால் எனக்கும் அக்காவுக்கும் மட்டும் ஒரு துண்டுகூட இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் ஓட்டோக்காரர் பக்கத்தில் ஒண்டிக்கொள்ள, நாங்கள் இரண்டு பேரும் பணிஸ் இருந்த இடத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணாடிக்குள் உட்கார்ந்தோம்.

வண்டி கிளம்பியது. பாட்டும் கிளம்பியது.

"பாட்ட நிப்பாட்டச் சொல்லுங்கக்கா!" என்றேன். கேட்டதற்கு, பாட்டு இருந்தால்தான் வழி விடுவார்கள் என்றாராம் ஓட்டோக்காரர்.

அப்படியே கம்பளை நகருக்குள் போனோம். லீக்ஸுக்கு அடியில் ஊசியை ஒளித்தவள் நான். கண்ணாடிப் பெட்டிக்குள், பாட்டோடு, ஊருக்கெல்லாம் தெரிய, ஊதிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறேன். பாட்டைக் கேட்டுக் கூடையோடு ஓடிவந்த பெண்கள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து அப்படியே நின்றார்கள். அக்கா கண்ணாடிக் கதவை நீக்கி, "பாணு முடிஞ்சிருச்சு! நாங்கதான் மிச்சம்!" என்றார்.

எனக்குள் ஏதோ ஒன்று கழன்றது. சிரித்தேன். பெட்டிக்குள் ஒட்டிக்கிடந்த சீனி என் சேலையெல்லாம் அப்ப, கண்ணில் நீர் வழிய, அடிவயிறு வலிக்க வலிக்கச் சிரித்தேன். "மெதுவா டீச்சர், மெதுவா, இங்கயே வெடிச்சிரப் போகுது!" என்று அக்கா என் வயிற்றைத் தன் கையால் தாங்கிக்கொண்டார்.

கம்பளையில் வேறு ஓட்டோ பிடித்தோம். பத்து மணிக்குச் சற்று முன் மேசையில் இருந்தேன்.

கொஞ்சப் பைதான் என்பதால் முழு மயக்கம் தரவில்லை. வலி குறைய மருந்து, அவ்வளவுதான். எல்லாம் கேட்டது. சுவரில் ஒரு சின்ன யன்னல். உறிஞ்சிய நீரைக் குழாயில் பிடித்து அந்த யன்னல் வழியாக ஆய்வுகூடத்துக்குக் கொடுப்பார்கள். உள்ளே ஒருவர் நுண்ணோக்கியில் தேடிவிட்டுச் சிங்களத்தில் சொல்வார்.

"நே."

இல்லை என்று அர்த்தம். அலசினார்கள். நே. இன்னொரு முறை. நே. முதல் பை முடிந்தது.

திரைக்கு அப்பால், அடுத்த கட்டிலில், தன் முறைக்குக் காத்திருந்தவரின் குரல்: "டீச்சர்! என்னவாம்?"

"இல்லையாம்," என்றேன்.

"கேக்கல! சத்தமாச் சொல்லுங்க!"

"அக்கா, கொஞ்சம் பேசாம இருங்கோ," என்றார் டொக்டர். குரலில் கோபம் இல்லை. கை நிற்கவில்லை. இரண்டாவது பை. உறிஞ்சினார். நே. திரவம் உள்ளே போவது ஒரு குளிர்க்கோடாகத் தெரிந்தது. நே. என் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. போன முறை இந்த இடத்தில்தான் எல்லாம் முடிந்தது.

"இன்னொருக்கா அலசுவம்," என்றார் டொக்டர்.

"ஆமா டொக்டர், விட்றாதீங்க! கொழுந்து வாதோட மூலையில நிக்கும், நல்லாக் கைய விட்டுப் பாருங்க!" என்றது திரை.

யன்னல் வழியாக இன்னொரு குழாய் போனது. உள்ளே தேடுகிறவர் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது போல இருந்தது. பிறகு, அதுவரை ஒரே சுருதியில் பேசிய அந்தக் குரல் ஒரு படி ஏறியது.

"தியெனவா!"

இருக்கிறது.

நான் மொழிபெயர்க்கும் முன்பே திரை அதிர்ந்தது. "எனக்குக் கேட்டுச்சு! எனக்குக் கேட்டுச்சு! இருக்காம்! டீச்சருக்கு இருக்காம்!" கட்டில் கிறீச்சிட்டது, தாதி ஓடினார், வெளியே வராந்தாவில் என் கணவருக்கும் அந்தச் செய்தி அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது பை வெறுமை. ஒன்றே ஒன்று. பிறகு அக்காவின் முறை. அவருக்கும் ஒன்று. முதல் உறிஞ்சலிலேயே வந்துவிட்டது. "எனக்கு அலசவே இல்ல டீச்சர், கூப்புட்டதும் வந்துருச்சு!" என்றார். கூப்பிட்டது அந்தக் குரல் அல்லவா.

என்னுடைய அந்த ஒன்று கருவானது, ஆனால் தங்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். விடுமுறை முடிய எனக்கு ஹட்டனுக்கு மாற்றம் வந்தது. மறுபடி கண்டிக்குப் போகும்போது புதிய ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் தெரியும், நானே சொல்லியிருந்தேன். ஒருவர் சாப்பாடு கட்டித் தந்தார், ஒருவர் என் வகுப்பைப் பார்த்துக்கொண்டார், சின்ன வகுப்பு டீச்சர் வந்து "இன்னைக்கு எந்தப் பக்கம் குத்துனாங்க?" என்று கேட்டார். உண்மையாகவே வலி குறைந்துதான் இருந்தது. அந்த முறை எடுத்தது தங்கியது. இப்போது பாண்கார ஓட்டோ வந்தால் என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்குகிறாள்.

அக்காவைத் தேடிப் பூண்டுலோயாவுக்குப் போனேன். அவர்கள் வத்தளைப் பக்கம் போய்விட்டார்கள் என்றார் நானா. "கைப்புள்ளையோடதான் பஸ் ஏறின, டீச்சர். அந்தப் புள்ள அழுத சத்தம் மேல் டிவிசன் வரைக்கும் கேட்டிருக்கும்."

ஆனால் முட்டை எடுத்த அன்று மாலை, கண்டி பஸ் நிலையத்தில், இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. நானும் கணவரும் கண்டியிலேயே நண்பர் வீட்டில் தங்குவதாக இருந்தோம். அவர்களை ஏற்றிவிட வந்தோம். அக்கா யன்னலோரம் உட்கார்ந்து, என்னைக் கிட்டே வரச்சொல்லிக் கையசைத்தார். தலையை வெளியே நீட்டி, இரண்டு பக்கமும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். முதன்முதலாக. பழக்கமில்லாத வேலை அது, பாதி காற்றாகத்தான் வந்தது.

"டீச்சர், பஸ்ல நான் அப்புடிக் கத்துனதுக்குக் கோவிச்சுக்காதீங்க. எறங்குனதும் எங்க லயமே சூழ்ந்துக்கும். என்னோடத மட்டும் சொல்லிக்கிறேன். ஒங்களோடது வாய்க்குள்ளயே இருக்கும். மாரியம்மா மேல சத்தியமா."

சொல்லிவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டார். சூடான ரொட்டியை வாய்க்குள் போட்டுக்கொண்டு துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருக்கிறவர் போல இருந்தது அந்த முகம். பஸ் நகர்ந்தது. அப்படியே பூண்டுலோயா வரைக்கும் அவர் எப்படிப் போய்ச் சேருவார்?

கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதறிவிட்டு, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸோடு நாலு எட்டு வைத்தேன். நிலையத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பும்படி, எனக்கே அறிமுகமில்லாத ஒரு குரல் என்னிடமிருந்து எழுந்தது:

"அக்கா! என்னோடதையும் சொல்லுங்க! நானாகிட்ட, லயத்துல, எல்லார்கிட்டயும் சொல்லுங்க! எனக்கும் ஒன்னு இருக்கு!"